சொல்லிக்காட்டினால் விடுதலை

பிலிப்பைன்ஸ்காரர்களிடம் "உத்தாங் நா லோஓப்" என்று ஒரு சொல் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நண்பன் அதை முதல்முதலாகச் சொன்னபோது நாங்கள் இருவரும் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் நிலவறையில், சத்திரசிகிச்சை முடிந்து வந்த கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, நீராவியில் அவித்து, பொதி கட்டிக்கொண்டிருந்தோம். அதுதான் எங்கள் உத்தியோகம். "உள்ளுக்குள் இருக்கும் கடன்" என்று ஆங்கிலத்தில் விளக்கினான். காசுக் கடன் இல்லை. யாரோ ஒருவர் உன்னைத் தூக்கிக் கரையில் விட்டார் என்றால், அதற்குப் பிறகு நீ அவருடைய ஆள். அதை அடைக்க முடியாது. அடைக்கப் பார்த்தாலே அவரை அவமதித்ததாக ஆகும். அவர் எதையும் கேட்கவே மாட்டார், ஆனால் கேட்டால் நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய்.

"உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்?" என்று கேட்டான்.

"அண்ணை" என்றேன்.

அவன் சிரித்தான். நான் பகிடி விடவில்லை.

நன்றிக்கடன் என்று நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அது மேடையில் மைக் பிடிக்கிறவர்களுக்கான சொல். பொன்னாடை போர்த்தியதும் தீர்ந்துவிடும் கடன் அது. என் அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தித் தீர்த்துவிட முடியுமென்றால் ஆறு கெஜத்தில் வாங்கிப் போர்த்தியிருப்பேன்.

அண்ணை என் பெரியம்மாவின் மகன். இலங்கையில் சண்டை நடந்த காலத்தில், பத்தொன்பது வயதில் நான் இந்த நகரத்தில் வந்து விழுந்தபோது என்னைக் கூட்டிப்போக வந்தவர். தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் அவர் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் படுத்தார். என் அகதி வழக்கு விசாரணைக்கு வந்தபோது, நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சாட்சி சொல்ல கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த தூரத்து உறவினர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவர் வரவில்லை. வக்கீல் பதறிப்போய் யாருக்கோ போன் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணை மூச்சிரைக்க ஓடி வந்தார். வாசலில் இருந்த காவலாளி சட்டைப் பையில் உள்ளதை எல்லாம் தட்டில் போடச் சொன்னபோது அண்ணையின் கோட்டுப் பையிலிருந்து ஒரு கல்குலேட்டர், கோடு போடும் அடிமட்டம் ஒன்று, கொஞ்சப் பேனைகள் எல்லாம் வந்தன. லண்டனில் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருந்த பயத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. அண்ணை சாட்சி சொன்னார். என்னை இங்கே இருக்க விட்டார்கள்.

அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் பிரச்சினையே.

அவர் பிறகு தோர்ண்டன் ஹீத்திலேயே ஒரு பலசரக்குக் கடை போட்டார். கடைக்கு மேலே வீடு. நான் வேலை தேடி ஃபாரஸ்ட் கேட் பக்கம் போய்விட்டேன். ஒருநாள் போன் எடுத்தார். "தம்பி, ஞாயிறு காலமை ஏலுமெண்டா வந்து கடையைத் திறந்து விடுறியோ? கோயில் மடப்பள்ளியிலை சமைக்க ஆளில்லையாம், என்னை வரச் சொல்லுகினம்." ஏலுமென்றால், அதாவது முடிந்தால். அந்தச் சொல்லில் ஒரு கதவு திறந்திருப்பது போலத்தான் இருக்கும். அந்தக் கதவால் வெளியே போன ஒருவனையும் நான் எங்கள் சனத்தில் கண்டதில்லை. "ஓம் அண்ணை, வாறன்" என்றேன். ஒரு ஞாயிறு என்று நினைத்துத்தான் சொன்னேன். என் முப்பதுகள் முழுவதும் அந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் ஞாயிறு ஞாயிறாகப் போயின.

ஞாயிறு என்றால் இந்த ஊரில் ரயில் பாதை திருத்துவார்கள். பாதி வழியில் இறக்கிவிட்டு பஸ்ஸில் ஏற்றுவார்கள். குளிரில் நின்று, பஸ் மாறி, கடையின் இரும்புத் தட்டியைத் தூக்கும்போது விரல் விறைத்திருக்கும். அதற்குள் யாராவது ஒரு அம்மா முருங்கைக்காய் வந்திட்டுதோ என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அண்ணை கடையைப் பூட்டிவிட்டு, கோயில் சமையலையும் விட்டுவிட்டு, மிளகுக் கஞ்சி நிறைந்த ஃபிளாஸ்க்கோடு ஃபாரஸ்ட் கேட்டில் என் வாசலில் வந்து நின்றார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் விட்டிட்டுது போல" என்றார். அந்தக் கஞ்சியையும் என் கணக்கில் ஏற்றிக்கொண்டேன். பிறகு நான் பொய் சொல்லவில்லை. பொய்க்குக் கட்டும் வட்டி பெரிது என்று விளங்கிவிட்டது.

இதையெல்லாம் நிலவறையில் நண்பனுக்குச் சொன்னபோது அவன் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "இதை ஒரு ஆட்டமாகச் செய்வோம்" என்றான்.

நாங்கள் இருவரும் ஒரு விசித்திரமான விளையாட்டுக்கு அடிமைகள். ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, அந்தப் பாத்திரத்தின் வாயாலேயே பேசிக் கதையைக் கொண்டுபோவார்கள். பூட்டிய கதவை உடைக்க முடியுமா, காவலனை ஏமாற்ற முடியுமா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டித் தீர்த்துக்கொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். எங்கள் மேசையில் அது நான். நாற்பது கடந்த மனிதர்கள் இப்படி விளையாடுவதைக் கடையில் யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை. சூதாட்டம் என்று நினைத்தால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

புதன்கிழமைகளில், வேலை முடிந்து, நண்பனின் சமையலறையில் கூடுவோம். அவன் நூடுல்ஸ் பிரட்டுவான். நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கிப் போவேன். மூன்றாவது ஆள் ஒரு இங்கிலீஷ்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். அவளுக்கு எதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆட்டத்தின் கதை ஒரு துறைமுக நகரத்தில் நடக்கும். எல்லாப் பாத்திரங்களும் கடல் கடந்து வந்தவர்கள். ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் கரையேற்றியிருப்பார். கடனுக்கு விதி எழுதும் வேலையை முதலில் நான்தான் செய்தேன். கண்ணாடி மணிகளை வைத்தேன். கரையேற்றியவருக்கு ஒரு உதவி செய்தால் ஒரு மணியைத் திருப்பிக் கொடுக்கலாம். மணி தீர்ந்தால் கடன் தீர்ந்தது. ரீச்சருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நண்பன் ஒரு கை மணிகளை அள்ளி, திரும்பிக் கிண்ணத்தில் கொட்டினான்.

"இது வங்கி" என்றான். "என் நாட்டில் யாரும் இப்படிக் கடன்படுவதில்லை. உன் நாட்டிலும் இல்லை. உனக்கு ஆசை, அதனால் எழுதியிருக்கிறாய்."

சுட்டது. ஆனால் உண்மை.

"அப்போது கடன் முடிந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று ரீச்சர் கேட்டாள்.

"தெரியாது. எவ்வளவு என்றும் தெரியாது. உனக்குத் தெரியாத எத்தனையோ அதற்குள் இருக்கும்."

அப்படித்தான் விதிகள் பிறந்தன. உன் வலப்பக்கத்தில் இருப்பவர்தான் உன்னைக் கரையேற்றியவராக நடிப்பார். அவர் எப்போது வேண்டுமானாலும் உன்னிடம் ஒன்று கேட்கலாம். அவர் கேட்டால் பகடை கிடையாது, நீ செய்கிறாய். மறுக்கலாம். மறுத்தால் உன் பாத்திரத்தின் அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை மேசையில் ஒருவரும் உனக்கு எந்த உதவியும் செய்யக்கூடாது. வெட்கம் கெட்டவன் என்று பெயர் எடுத்தவனோடு யார் சேர்வார்கள்? இதுவரைக்கும் தமிழும் பிலிப்பைன்ஸும் ஒரு நூல்கூட விலகவில்லை.

கடைசி விதியை நண்பன் கொண்டுவந்தான். அவர்களிடம் "சும்பாத்" என்று ஒன்று உண்டு. செய்த உதவியை முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டுவது. அதைச் செய்தவர் அந்த நிமிடமே தன் பெருமையை இழந்துவிடுகிறார். எங்கள் ஆட்டத்தில், கரையேற்றியவர் அதைச் சொல்லிக்காட்டிவிட்டால் உன் கடன் அத்தோடு ரத்து. நீ விடுதலை.

நான் அந்த விதியை எழுதும்போது பேனையை அழுத்திப் பிடித்திருந்தேன் என்று நண்பன் பிறகு சொன்னான்.

ரீச்சர்தான் அதில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தாள். ஒரு புதன்கிழமை நண்பன் அவளைக் கரையேற்றியவராக நடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனை வேண்டுமென்றே சீண்டத் தொடங்கினாள். அவன் பாத்திரம் கூப்பிட்டால் பிந்தி வந்தாள். அவன் வீட்டு விருந்தில் சோற்றைத் தள்ளி வைத்தாள். ஊரார் முன்னிலையில் அவனைக் குடிகாரன் என்றாள். சொன்னதையெல்லாம் செய்தாள், ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு குத்தலோடு செய்தாள். கடைசியில் நண்பன் பொறுக்கமுடியாமல், "உன்னைத் துறைமுகத்தில் நாய் தின்னாமல் எடுத்து வந்தது யார்?" என்று கத்திவிட்டான். ரீச்சர் இரண்டு கைகளையும் தூக்கி, "விடுதலை!" என்று குதித்தாள்.

நண்பன் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டான். தன் அம்மா இதே தொனியில் தன் மூத்த அண்ணனிடம் சொல்லிக் கேட்டதாகவும், அண்ணன் அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை என்றும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான். பிறகு திரும்பி, "விதி சரி. மாற்றவேண்டாம்" என்றான்.

ரீச்சர் விடவில்லை. "கரையேற்றியவருடைய மனைவி சொல்லிக்காட்டினால்?"

"அது செல்லாது" என்றான். "அவளுக்கு அதைச் சொல்ல உரிமையில்லை. அவர் வெட்கப்படுவார். நீ கேட்காதது போல நடிப்பாய். முன்னைவிட மோசமாகத்தான் மாட்டிக்கொள்வாய்."

அதையும் எழுதிக்கொண்டோம்.

ஒரு சிறிய பதிப்பகத்துக்கு ஆட்டத்தை அனுப்பிவைத்தோம். நல்லாயிருக்கிறது என்று பதில் வந்தது. கூடவே, கடனை அடைக்க ஆட்டக்காரர்களுக்கு ஒரு வழி வைத்தால் சந்தோஷப்படுவார்கள் என்றும் இருந்தது. சந்தோஷமாம். நண்பன் வாசித்துவிட்டு ஒரு நூடுல்ஸைக்கூடச் சிந்தாமல் சாப்பிட்டு முடித்தான். நான் பத்து நிமிடம் திட்டினேன். இருந்தாலும் அவர்கள் ஒரு வாய்ப்புத் தந்தார்கள். ஆட்டக்காரர் கூடும் பெரிய கண்காட்சியில், ஆக்கிய இருவரும் வந்து மேசை போட்டு நடத்திக் காட்டினால் பார்த்து முடிவெடுப்பார்கள். கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நண்பனுக்கு அந்நியர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நடத்துகிறவன் நான். நான் இல்லாவிட்டால் ஆட்டம் சரியாகப் போகாது என்று இருவருக்கும் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து யாருக்காகவும் இல்லாமல் எனக்காக நான் செய்த ஒரே காரியம் அது. அதற்கு எனக்கு ஒரே ஒரு ஞாயிறு தேவைப்பட்டது.

"அவரிடம் வேலை இருக்கிறது என்று சொல்லேன்" என்றாள் ரீச்சர். சொல்லலாம்தான். கல்யாணம் செய்யாத தனி ஆளுக்கு ஞாயிறு என்ன வேலை? மேசையைச் சுற்றி உட்கார்ந்து கடன்பட்டவனாக நடிக்கப் போகிறேன் என்று அண்ணையிடம் எந்த வாயால் சொல்வது? அண்ணியிடம் மட்டும், "வாற மாசக் கடைசி ஞாயிறு எனக்கொரு அலுவல் இருக்கு அண்ணி" என்று போட்டு வைத்தேன். அவர் அண்ணையின் காதில் போடுவார் என்று நம்பினேன். அவர் போடவில்லை, அல்லது அண்ணை கேட்காதது போல இருந்தார்.

ஒரு ஞாயிறு மட்டும் கேட்டிருந்தால் தந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தந்த ஞாயிறும் இன்னொரு கஞ்சியாகிவிடும். எனக்குத் தரப்பட்ட ஞாயிறு வேண்டாம். என்னுடைய ஞாயிறு வேண்டும். அதனால் ரீச்சரின் வழியைப் பிடித்தேன். அண்ணை ஒரே ஒரு முறை சொல்லிக்காட்டிவிட்டால் போதும் என்று முடிவுகட்டினேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நான் எழுதிய விதி அது, எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது.

கடையைப் பிந்தித் திறந்தேன். குளிர்ப்பெட்டியை மூட மறந்தது போல விட்டு, மீன் பெட்டி ஒன்றை நாறவைத்தேன். "பிழை ஆருக்குத்தான் வராது?" என்றார். அவருக்குப் பிடிக்காதவர் ஒருவருக்குக் கடன் சாமான் கொடுத்தேன். "பாவம், அவனுக்கும் வயிறிருக்கு" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது போனைப் பார்த்தேன். பேச்சை நிறுத்திவிட்டு, "முக்கியமான போனோ? பார், பார்" என்றார். ஒரு மனுசன் இவ்வளவு நல்லவனாக இருப்பது அயோக்கியத்தனம் என்று பஸ்ஸில் வரும்போது வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

கண்காட்சிக்கு முந்தைய ஞாயிறு. கடையைப் பூட்டியதும் மேலே அண்ணை வீட்டில் சாப்பாடு. மோர்டனில் இருக்கும் ஒரு டாக்டர், தமிழ்நாட்டுக்காரர், கோயில் பழக்கத்தில் வந்திருந்தார். கடையின் குளிர் அறைக்கு அண்ணை தானே வயரிங் வரைபடம் போட்டது பற்றிப் பேச்சு வந்தது.

"பிரமாதமா பண்ணியிருக்கீங்க சார். நீங்க இன்ஜினியரா?" என்று டாக்டர் கேட்டார்.

அண்ணை வாய் திறக்குமுன் நான் திறந்தேன். "அண்ணை எங்கை படிச்சவர்? இந்த நாட்டிலை படிக்க இடம் கிடைச்சும் பாதியிலை விட்டிட்டுக் கல்லாவிலை வந்து இருந்தவர். சோம்பல். இவருக்குக் கடைதான் சரி."

வேண்டுமென்றுதான் சொன்னேன். அதைவிட ஆழமாகக் குத்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. டாக்டர் தட்டைப் பார்த்தார். அண்ணை என்னைப் பார்த்தார். இதோ வருகிறது, இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லுங்கோ அண்ணை, சொல்லித் தொலையுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அண்ணை டாக்டரின் பக்கம் திரும்பி, "அவன் சொல்லுறது சரிதான். எனக்குப் படிப்பு ஓடேல்லை" என்று சிரித்தார்.

சோற்றுக் கரண்டியோடு நின்ற அண்ணிதான் வெடித்தார்.

"ஆராலை ஓடேல்லை எண்டு கேளும் தம்பி! கடைசிச் சோதினை அண்டைக்குத்தானே உம்மடை கேஸ்! சோதினைக்கெண்டு வெளிக்கிட்டு, மண்டப வாசல் மட்டும் போனவர். வக்கீல் போன் எடுத்து, சாட்சி வரேல்லை, நீங்கள் வராட்டிப் பெடியனைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு சொல்ல, அப்பிடியே திரும்பி ஓடி வந்தவர். எங்களுக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம். என்ஜினியர் மாப்பிள்ளை எண்டுதான் எங்கடை வீட்டிலை சொன்னவை. நான் வந்து இறங்கினது கடைக்குள்ளை!"

கல்குலேட்டர். அடிமட்டம். பேனைகள். காவலாளியின் பிளாஸ்டிக் தட்டில் அவை கிடந்தது என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இத்தனை வருடமும் அதை ஒரு சிரிப்புக் கதையாக நான் நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"வாயை மூடும்!" என்றார் அண்ணை. அவர் அண்ணியிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. "விருந்தாளிக்கு முன்னாலை என்ன கதை இது?" அண்ணி கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார்.

எனக்கு அப்போது வெட்கம் வந்தது என்று எழுதத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். வெட்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது கோபம். இதை ஏன் எனக்கு முன்னமே சொல்லவில்லை? தெரிந்திருந்தால் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், பத்து வருடத்தில் எப்படியாவது பழகியிருப்பேன். எனக்குத் தெரியாமல் என் தலையில் இவ்வளவு பெரிய ஒன்றைக் கட்டிவிட்டு, முருங்கைக்காய் நிறுக்க ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார். அதையும் ஏலுமென்றால் என்று.

நான் கீழே இறங்கிக் கடைக்குள் வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அண்ணை பின்னால் வந்தார். அரிசி மூட்டையில் கைவைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தம்பி, அவள் சொன்னதை மனதிலை வைச்சிராதை. அந்தச் சோதினையிலை நான் எப்பிடியும் பெயில்தான் விட்டிருப்பன். உன்ரை கேஸாலை எனக்கு ஒரு சாட்டுக் கிடைச்சுது, மானம் தப்பிச்சுது. பார்க்கப்போனா நான்தான் உனக்குக் கடமைப்பட்டவன்."

அது பொய்யா உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வாற ஞாயிறு உனக்கு ஏதோ அலுவலாம் எண்டு அண்ணி அண்டைக்குச் சொன்னவ. நான்தான் மறந்து போனன். நீ போ. கடையைப் பூட்டிவிடுறன். அதுக்குப் பிறகும் உனக்கு ஏலாதெண்டா வரவேண்டாம். உனக்கும் ஒரு வாழ்க்கை இருக்குத்தானே. இவ்வளவு நாளும் வந்ததே பெரிய காரியம்."

நான் விரும்பியதெல்லாம் கிடைத்துவிட்டது. ஒரு ஞாயிறுக்குத்தான் ஆசைப்பட்டேன், எல்லா ஞாயிறையும் தந்தார். கடன் இல்லை என்றார். கடன்பட்டவன் தான்தான் என்றார். ரீச்சராக இருந்திருந்தால் இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்திருப்பாள்.

மறுநாள் நிலவறையில் நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வெகுநேரம் ஒரே கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்படியென்றால் நீ ஞாயிறு வரமாட்டாய்" என்றான்.

"அவர் போகச் சொல்லிவிட்டார்."

"அதனால்தான் சொல்கிறேன்."

வருவேன் என்று சத்தம் போட்டேன். பகடையையும் அட்டைகளையும் பையில் எடுத்து வைத்தேன். சனிக்கிழமை சட்டையைக்கூட அயர்ன் பண்ணித் தொங்கவிட்டேன். நண்பன் போனில் கடைசியாக ஒன்று கேட்டான். அண்ணை செய்ததை ஒரு விதியாகச் சேர்க்கலாமா? கரையேற்றியவர் எப்போது வேண்டுமானாலும் கடனை மன்னிக்கலாம், மன்னித்தால் அவர் இனிக் கேட்கவேண்டியதே இல்லை, கேட்காமலே நீ செய்வாய். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் ஆட்டக்காரனாகப் பார்த்தால் அது மிக நல்ல விதி. சேர்த்துக்கொள் என்றேன்.

ஞாயிறு காலை பையோடு ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷனுக்குப் போனேன். கண்காட்சி மண்டபத்துக்கு அன்றைக்கு ரயில் ஒழுங்காக ஓடியது. தோர்ண்டன் ஹீத்துக்குத்தான் வழக்கம் போலப் பாதி வழியில் பஸ். நான் பஸ்ஸில் ஏறினேன்.

இரும்புத் தட்டியைத் தூக்கும்போது, எப்போதும் முருங்கைக்காய் கேட்டு வருகிற அம்மா ஒருவர் வந்து நின்றார். "பூட்டெண்டெல்லோ கோயிலிலை சொன்னவை?" என்றார். "இல்லை, திறந்துதான் இருக்கு" என்றேன்.

நண்பன் மேசையைத் தனியாக நடத்தினான். திக்கித் திணறி நடத்தியிருக்கிறான். ஆனாலும் பதிப்பகத்துக்குப் பிடித்துவிட்டது. அவர்களுக்கு மிகவும் பிடித்தது மன்னிக்கிற விதிதானாம். இப்படி ஒரு கொடூரமான விதியை எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை, எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார்களாம். அவன் ஒரு படம் அனுப்பினான். முன்பின் தெரியாத நாலு பேர் எங்கள் அட்டைகளை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் இருக்கவேண்டிய நாற்காலியில் யாரோ கோட்டைப் போட்டிருந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் நின்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆத்திரத்தில் கண் கலங்கியது.

மத்தியானம் கழிந்து அண்ணை கோயிலிலிருந்து வந்தார். வேட்டியில் சாம்பார் தெறித்திருந்தது. கடை திறந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"போகேல்லையோ?"

"இல்லை அண்ணை. அந்த அலுவல் தள்ளிப் போச்சு."

அவர் என் காலடியில் இருந்த பையைப் பார்த்தார். என்ன பை என்று கேட்கவில்லை. கோயிலில் இருந்து எனக்கென்று கொண்டுவந்த சோற்றுப் பொதியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். வாற ஞாயிறைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"வாற ஞாயிறும் வாறன் அண்ணை" என்றேன்.